அடியில் போனவள் முன்னால் வந்தாள்!

படகுத்துறையில் உடல் கிடந்தது.

போர்வைக்கு வெளியே இரண்டு ஈரப் பாதங்கள். பக்கத்தில் கணவன், தலையில் அடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் அழுதான்.

"இவங்கதான் சார் என் பொண்டாட்டியைக் கொன்னது!"

அவன் விரல் நீண்டது... டைவிங் கற்றுத்தரும் பெண்ணை நோக்கி!

படகுக்காரர்கள் அவளை 'சுறா' என்பார்கள். பதினோரு வருடத் தொழில். இன்றோடு லைசென்ஸ் போச்சு. கூடவே ஜெயில்!

நீரோட்டம் இழுக்கும் போக்கிலேயே மிதந்து போகிற டைவிங் அது. மிதவைக் கயிற்றோடு அவள் முன்னால் போக, கணவனும் மனைவியும் பின்னால் வந்தார்கள். திரும்பிப் பார்த்தால்... இருவரையும் காணோம்!

கணவன் வெகு தூரம் பின்னால், பாறைத் திட்டருகே கிடைத்தான். மனைவியின் உடல் அங்கிருந்து அரை கிலோமீட்டர் முன்னால் மிதந்தது.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். கேஸ் போட்டே ஆக வேண்டும், கிளம்பு என்றார்.

இரண்டடி வைத்தவள் சட்டென்று நின்றாள்.

"சார்... அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

கணவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். அவன் மேலேயே மிதந்தானாம். மனைவிதான் பேச்சைக் கேட்காமல் தரை வரை இறங்கினாளாம். அடி நீரோட்டம் அவளை அம்பாக இழுத்துக்கொண்டு போக, இவன் துரத்தியும் எட்டவில்லையாம்.

சுறாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"பச்சைப் பொய் சார். இந்தக் கடல்ல அடியிலதான் ஓட்டம் மெதுவா இருக்கும். பாறையும் மணலும் தடுக்கும்ல? வேகத்தைக் குறைக்கணும்னாலே நாங்க கீழ இறங்குவோம். மேல இருக்கிறவங்கதான் விர்ருனு முன்னாடி போவாங்க."

இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினார்.

"அப்போ மேல மிதந்த நீங்க எப்படிப் பின்னாடி?"

கணவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைக்க, சுறா குறுக்கே வந்தாள்.

"நான் சொல்றேன் சார். அடியில பாறையைப் பிடிச்சுக்கிட்டு, அவங்க மூச்சு விடுற குழாயைப் பிடுங்கியிருக்கார். எல்லாம் முடிஞ்சதும் அவங்க மிதவை ஜாக்கெட்ல காத்தை ஏத்தி மேல விட்டுட்டார். கையை விரிக்கச் சொல்லுங்க."

கணவன் விரல்களை இறுக்கினான். கான்ஸ்டபிள் பிரித்துக் காட்டினார். இடது உள்ளங்கை முழுக்க... பாறை கிழித்த புதுக் காயங்கள்!

கணவன் சுறாவைப் பார்த்துச் சீறினான்.

"அடியில ஓட்டம் மெதுவா இருக்கும்னு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"காலையில அரை மணி நேரம் அதைத்தானே சார் சொன்னேன்? நீங்கதான் போனை நோண்டிட்டு இருந்தீங்க."