எட்டரையும் சிவப்பு மையும்

"யாருங்க அது... குடையை அங்க உதறாதீங்க."

குரல் வந்து சேர்வதற்குள் அவன் உதறி முடித்துவிட்டான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய கறுப்புக் குடை, நன்றாக ஊறிப்போயிருந்தது. அதிலிருந்த தண்ணீரில் பாதியாவது, முழங்கால் உயரத்தில் நின்ற ஒரு பச்சை உருளையின் வாய்க்குள் போய் விழுந்தது.

சலவைக்கடையின் பின்முற்றம் அது. துணி இல்லாத வெறும் கொடிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் கோடு போட்ட கண்ணாடிக் குடுவை. பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகி அவனை விழுங்கப் பார்த்தன. திட்டு வாங்கும் நேரத்தில் இப்படி ரசிக்கிறோமே என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

"பஸ் சேறு அடிச்சிடுச்சுங்க... சட்டையைக் குடுக்கலாம்னு... முன்னாடி கதவு மூடியிருந்துச்சு..."

"அதுக்கு? மழைமானிக்குள்ள நீங்க தனியா ஒரு மழை பெய்யணுமா?"

மழைமானி. அப்போதுதான் அவன் வேலியில் தொங்கிய சின்னத் தகட்டைப் பார்த்தான். எண் 73. குடையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சம்பளம் இல்லாமல், யாரும் அதட்டாமல், தினமும் காலை எட்டரை மணிக்குத் தங்கள் முற்றத்து மழையை அளந்து எழுதும் தன்னார்வலர்கள் நானூறு பேர் அந்த ஊர் வானிலை அலுவலகத்துக்கு உண்டு. மாதம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு மழை அட்டை அனுப்புவார்கள். அந்த நானூறு அட்டைகளையும் வரிவரியாகச் சரிபார்க்கும் பரிசோதகர் வேலை ஒரே ஒருவனுடையது. சேறு பூசிய சட்டையோடு இதோ நிற்கிறானே, இவனுடையது. ஆறு வருடமாக நாற்காலியை விட்டு எழாமல் பார்த்த வேலை. நிஜ மழைமானியைப் பயிற்சியின்போது ஒரே ஒரு தடவை பார்த்ததோடு சரி. அந்த நானூறில் அவன் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, ஆற அமர ரசித்துப் பார்க்கும் அட்டை எழுபத்துமூன்று. ஒரு அடித்தல் இருக்காது, ஒரு நாள் விட்டுப்போயிருக்காது.

அவள் அவனை மறந்துவிட்டாள். மணி எட்டரை. புனலைத் தூக்கி, உள்ளே இருந்த புட்டியை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் குடுவையில் ஊற்றினாள். அப்படியே ஈரமண்ணில் மண்டியிட்டாள். குடுவையில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் அடியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். ஒரு கண்ணை மூடி, மற்ற கண்ணால் அவள் படித்தாள். மூச்சுகூட விடவில்லை. இத்தனை வருடம் தான் பார்த்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு முழங்கால் மண்ணில் பதிந்திருக்கிறது என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"பதினெட்டு புள்ளி நாலு. இதுல மழை எவ்வளவு, உங்க குடை எவ்வளவு?" அவள் குரல் உடைந்தது. "இருபத்தஞ்சு வருஷங்க. எங்க அம்மா ஆரம்பிச்சது. ஒரு நாள் விட்டதில்ல. இந்த மாசம் முப்பதாம் தேதியோட இருபத்தஞ்சு முடியுது. இருபத்தோரு நாள்தான் பாக்கி இருந்துச்சு."

அவனுக்கு விதி மனப்பாடம். நீண்ட காலத் தொடர்ப் பதிவில் ஊகித்து எழுதிய எண்ணுக்கு இடமில்லை. ஒரு நாள் கெட்டால் தொடர் அறுந்தது. இருபத்தைந்து வருடம் அறுபடாத நிலையங்கள் நாட்டில் ஒன்பதே ஒன்பது. பத்தாவதாக இந்தப் பெயர் ஏறி, சான்றிதழும் இந்த மாதம் வர வேண்டியது.

"மன்னிச்சிடுங்க" என்றான் மெதுவாக.

"என்கிட்ட சொல்லி? அந்தச் செவப்பு மைகிட்ட யார் சொல்றது?"

"செவப்பு மையா?"

"ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார். புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்ததுக்கு மூணு லெட்டர் போட்ட மகராசன். எல்லாம் செவப்பு இங்க்ல. சத்தியமா அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது."

"ஆகல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"...சும்மா, ஒரு ஊகம்தான்."

சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுதான். சொல்லவில்லை. கோழை.

*

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு அவன் ஒரு கைக்குட்டையோடு வந்தான். அதற்கு மறுநாள் இன்னொரு கைக்குட்டை.

"சட்டையைப் போடுவாங்க, போர்வையைப் போடுவாங்க" என்றாள் அவள் அம்மா, பெஞ்சில் உட்கார்ந்து தடவித் தடவிப் பொத்தான் தைத்தபடி. "கைக்குட்டையை ஒண்ணொண்ணா சலவைக்குப் போடற ஆளை இப்பத்தான் தம்பி பாக்கறேன். ஏய் எட்டரை, வந்து வாங்கிக்கோ."

எட்டரை... தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. கல்யாண வீடானாலும் காய்ச்சலானாலும் அந்த நேரத்துக்கு அவள் முற்றத்தில்தான் இருப்பாள். அம்மாவுக்குப் பார்வை மங்கியதிலிருந்து ஏழு வருடமாக அவள் பொறுப்பு.

"நீங்க எப்படிம்மா இதை ஆரம்பிச்சீங்க?" என்று அவன் கேட்டான்.

"சலவைக்காரிக்கு மழைதானே எதிரி? எதிரிக்கு எவ்வளவு பலம்னு தெரிஞ்சுக்கலாமேன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் பழகிப்போச்சு. இப்ப அது வரலைன்னா மனசு கேக்கமாட்டேங்குது."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை எட்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்ததை அவன் பார்த்துவிட்டான். அவ்வளவுதான்... அன்று முழுக்க இரண்டு பேருக்கும் வேலை ஓடவில்லை.

அவனிடம் கதைகள் இருந்தன. அறுநூறு வருடம் முன்பு ஒரு ராஜா, தன் நாடெங்கும் ஒரே அளவில் மழைப் பாத்திரம் செய்து அனுப்பி, பெய்ததை எழுதி அனுப்பச் சொன்னாராம். மேகங்களுக்கு நாம் இன்றும் சொல்லும் பெயர்களை வைத்தது பெரிய படிப்பாளி இல்லை, மருந்து செய்து விற்ற ஒருவர்.

"அப்புறம் ஒருத்தர் பேப்பர்ல லெட்டர் எழுதினாருங்க. ஆணோ பொண்ணோ, எந்த வயசோ, எந்த வேலையோ... மழை அளக்க வாங்கன்னு. ஆயிரக்கணக்குல வந்தாங்க. இந்தத் துறையையே தூக்கி நிறுத்தினது அந்த ஜனங்கதான். உங்களை மாதிரி."

அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். ஏழு வருடத்தில் அவள் வேலையை யாரும் அவளிடம் இப்படிப் புகழ்ந்ததில்லை. 'மழையை அளந்து என்ன செய்யப்போறே, குடிக்கவா?' என்றுதான் ஊர் கேட்டிருக்கிறது. யார் இவர்... எங்கே இருந்தார் இவ்வளவு நாள்? நினைத்துவிட்டு, கன்னம் சூடானதை மறைக்க இஸ்திரிப்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழாவது கைக்குட்டையில் வந்தது வினை. அம்மாவின் கை முழுக்கக் கஞ்சி. "ரசீதுல நீங்களே எழுதிடுங்க தம்பி" என்றாள். அவன் ஏதோ நினைவில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதினான். சீட்டு எண் 177.

எட்டரை அதைக் கையில் வாங்கினாள். சிவப்பு மை. இடுப்பில் குறுக்குக் கோடு, தலையில் சின்னக் கொக்கி போட்ட ஏழு. ஆறு வருடமாகத் திரும்பி வந்த ஒவ்வொரு அட்டை நகலின் தலையிலும் 73 என்று எழுதியிருந்த அதே ஏழு.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"நீங்கதானா?"

அவன் தலை குனிந்து பேனாவை மூடினான்.

"அன்னிக்கு நான் அவ்வளவு திட்டினேனே. உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. சொன்னா அப்புறம் வர விடமாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

கஞ்சிக் கையோடு அம்மா எழுந்து வந்தாள். "அட, ஆபீஸ் தம்பியா? அப்ப நல்லதாப் போச்சு. அந்த ஒன்பதாம் தேதி ஒரு வரிதானே... கண்டுக்காம விட்டுடுங்க. சாகறதுக்குள்ள அந்தச் சான்றிதழை நான் கையில தொட்டுப் பாக்கணும்."

"அம்மா, சும்மா இரு." அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது, ஆனால் குரல் உறுதியாக இருந்தது. "தப்பு பண்ணினவரும் நீங்க, தீர்ப்பு சொல்றவரும் நீங்க. நல்லா இருக்குங்க. என் அட்டையில நடந்ததை நடந்தபடி நான் எழுதுவேன். நீங்க இரக்கப்பட்டு எங்களுக்குக் குடுக்கற இருபத்தஞ்சு வருஷம் வேணாம். இனிமே கைக்குட்டையை வீட்டிலேயே துவைச்சுக்கோங்க."

அவன் போனான். தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில்தான் நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாமே என்று இருந்தது அவளுக்கு, அதற்காக அவள்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

*

முப்பதாம் தேதி அட்டையை முடித்தாள். ஒன்பதாம் தேதிக்கு எதிரே, குறிப்புப் பகுதியில், 'குடைத் தண்ணீர் கலந்தது. எண் சந்தேகத்துக்குரியது' என்று எழுதினாள். யார் குடை என்று எழுதவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை.

என்ன வேண்டும் அவளுக்கு? அவன் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் அம்மாவின் சான்றிதழ் வரும், ஆனால் அவன்மேல் இருந்த மதிப்பு போய்விடும். அடித்துவிட்டால்... அம்மாவின் இருபத்தைந்து வருடம் போய்விடும். இரண்டும் வேண்டாம். இரண்டும் வேண்டும். பாவி, இப்படி ஒரு இக்கட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டானே.

பன்னிரண்டு நாள் கழித்து அட்டையின் நகல் வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தாள்.

அடித்திருந்தான். 18.4-இன் மேல் நேராக ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே அதே கையெழுத்து: 'ஏற்கப்படவில்லை. காரணம்: பரிசோதகர் கவனக்குறைவாக மழைமானியின் மேல் குடையை உதறினார். அளப்பவர் மீது எந்தத் தவறும் இல்லை. இந்தக் குறிப்பு நிரந்தரப் பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டது.' கீழே கையொப்பம். அதற்கும் கீழே, மேலதிகாரியின் நீல மையில், 'பரிசோதகருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை.'

அவள் சத்தமாகப் படித்தாள். முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

ஆசைப்பட்டது கைக்கு எட்டாமல் போன வலி அம்மாவின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நம்ம எழுத்துமேல பழி போடாம தன் தலையில போட்டுக்கிட்டான் பாரு. ஆம்பளைங்க தப்பை ஒத்துக்கிட்டு நான் பார்த்ததே இல்லடி. ஏழு கைக்குட்டை இங்கேயே கிடக்கு. போய்க் குடுத்துட்டு வா."

"நானா?"

"பின்ன நானா? போடி."

*

அலுவலகம் அவள் நினைத்ததுபோல் இல்லை. நீளமான அறை. தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரிகள், அவற்றில் தோல் அட்டை போட்ட பதிவேடுகள். கடைசி மேஜையில் அவன். அவளைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"கைக்குட்டை" என்று நீட்டினாள்.

"ம்... தேங்க்ஸ்."

அவள் அலமாரியைப் பார்த்தாள். "இதெல்லாம் என்ன?"

"நீங்கதான். நீங்க எல்லாரும்." அவன் ஒவ்வொரு பதிவேட்டின் முதுகையும் தொட்டுக் காட்டினான். "இவர் கலங்கரை விளக்கக் காவலர். இவங்க ஒரு மருத்துவச்சி, பிரசவம் பார்த்துட்டு ஓடி வந்து அளப்பாங்களாம். இவர் ஜெயில் வார்டன். எண்பது வருஷத்து மழை இங்க இருக்குங்க. ஒருத்தரும் ஒரு பைசா வாங்கினதில்ல. முன்னாடி ஒரு பெரிய வெள்ளம் வந்தப்ப அணையோட மதகுல எத்தனை திறக்கணும்னு முடிவு பண்ணினது, உங்க அம்மாவோட இந்தத் தொகுதியைப் பார்த்துத்தான்."

அவன் அதைப் பிரித்தான். முதல் பக்கத்தில் அம்மாவின் இளமைக் கையெழுத்து, குண்டு குண்டாக. அவள் அதை விரலால் தொட்டாள்.

"சான்றிதழ் போச்சே தவிர இதுல ஒண்ணும் போகல" என்றான். "இதை அம்மாகிட்ட சொல்லணும்னு துடிச்சேன். வரத்தான் தைரியம் இல்ல."

"நீங்க அதை விட்டுக்குடுத்திருந்தா நான் இன்னிக்கு வந்திருக்கவே மாட்டேன்."

"அடிச்சா நீங்க வரவே மாட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அடிச்சேன்."

அவள் நிமிர்ந்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவளை இழந்துவிடுவோம் என்று தெரிந்தே கோடு போட்டிருக்கிறான் இந்த மனுஷன். இவனைவிட நம்பகமான ஒருத்தனை எந்த ஊரில் போய்த் தேடுவது?

"அந்தக் கோட்டைப் போட மூணு நாள் ஆச்சுங்க எனக்கு" என்றான். "உங்களைப் பிடிச்சிருக்கு. நேர்ல பாக்கறதுக்கு முன்னாடியே உங்க அட்டையைப் பிடிச்சிருந்துச்சு. இப்ப... நீங்க இல்லாம முடியாதுன்னு ஆயிடுச்சு."

அவள் பதிவேட்டை மெல்ல மூடினாள். "பத்தாம் தேதியிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பிச்சிருக்கேன். இன்னியோட முப்பத்திமூணு நாள்."

"தெரியும். இருபத்தஞ்சு வருஷம் ஆக இன்னும் ஒன்பதாயிரத்துத் தொண்ணூத்தெட்டு நாள் இருக்கு."

"கணக்குப் போட்டீங்களா?"

"போட்டேன். அத்தனை நாளும் காலையில நான் உங்க பக்கத்துல நிக்கணும். விடுவீங்களா?"

எட்டரை உதட்டைக் கடித்துக்கொண்டாள், தலை குனிந்தாள், கடைசியில் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்... குடுவையைப் பார்ப்பாளே, அதே கவனத்தோடு.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. நாளைக்கே வாங்க. வந்து, முதல்ல அம்மாகிட்ட உட்கார்ந்து, மதகு திறந்த கதையைச் சொல்லுங்க. அதைக் கேட்டுட்டு அம்மா அழுவாங்க. அழுது முடிச்சதும் மத்ததைக் கேளுங்க."