கசப்பு மறந்த இலை

"இந்தப் பச்சிலை வேறெங்கும் முளைக்காதா?"

கரிக்குன்றத்தின் தென்சரிவில், வெயிலில் காய்ந்து கிடந்த பாறைகளுக்கிடையே நின்று, குதிரை வாணிகன் ஒருவன் காரிநங்கையிடம் இப்படிக் கேட்டான். அவள் வைத்தியக் குலத்துப் பெண். குளிர்க்காய்ச்சலைத் தீர்க்கும் கசப்புப் பச்சிலையான கல்வேம்பைப் பறிப்பதற்காக அன்றாடம் அந்தக் குன்றில் ஏறுகிறவள். விடங்கன் என்று பெயர் சொல்லிக்கொண்ட அந்த இளைஞன் ஒரு குதிரையையாவது விற்றதாக யாரும் கண்டதில்லை. அந்தக் கோடை முழுவதும் அவளுடைய பச்சிலைக் கூடையைச் சுமந்து அவள் பின்னால் நடந்ததைத்தான் கண்டிருந்தார்கள்.

"முளைக்கும்," என்றாள் நங்கை. "ஆனால்..."

அடுத்த சொல் நாவுக்கு வருவதற்குள் அடிவாரத்தில் கொம்பு ஊதிற்று. அவன் தன் கணையாழியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான். "திரும்பி வருவேன்," என்றான். குதிரை பறந்துவிட்டது.

அன்புள்ள வாசகர்களே, நங்கையின் அந்த வாக்கியத்தின் மறுபாதி மட்டும் குன்றத்திலேயே தங்கிப்போயிற்று. முதற்பாதியை நம்பி ஒரு நகரமே எழுந்துவிட்டது!

சில ஆண்டுகள் கழிந்து, ஒரு மாலைப் பொழுதில் குன்றத்தின் அடிவாரத்தில் எழுந்த அந்தப் புதிய தலைநகரைக் காண வாருங்கள். வெண்சுதை பூசிய மாடங்கள் இளம்பிறையின் ஒளியில் பாற்கடலின் அலைகளைப் போல் அடுக்கடுக்காய்த் தோன்றுகின்றன. மதிலைச் சுற்றிலும் அகழி. குன்றத்திலிருந்து ஓடிவந்த ஓடையை மறித்து அதில் விட்டிருக்கிறார்கள். அந்தி சாய்ந்ததும் அசையாத அந்நீரிலிருந்து கொசுக்கூட்டம் புகைபோல் எழுகிறது. அதன் பின்னாலேயே குளிர்க்காய்ச்சலும் வீடு வீடாக நுழைகிறது.

வடக்கே போர்முனையிலிருந்த வேந்தர் நகரம் அமைக்கக் கட்டளை அனுப்பியபோது, கல்வேம்பை வேரோடு பெயர்த்து அரண்மனை நந்தவனத்தில் நடும்படியும் எழுதியிருந்தார். நங்கையை அந்தப்புர வைத்தியராக அழைத்து வந்தார்கள்.

"நடலாம். ஆனால்..." என்று தொடங்கினாள் அவள்.

"அரசர் ஆணையில் 'ஆனால்' கிடையாது, அம்மணி!" என்று அதிகாரிகள் சிரித்தார்கள்.

குல வழக்கப்படி ஒவ்வொரு செடிக்கும் மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, மன்னிப்புக் கேட்டுத்தான் அவள் பெயர்த்தாள். தோட்டக்காரர் வேளைதோறும் நீர் வார்த்தார்கள், எருவைக் கொட்டினார்கள். குன்றத்தில் சாண் உயரம் தாண்டாத செடி இடுப்பளவு தழைத்தது. நங்கையோ குன்றத்தில் பறித்து உலர்த்திய பழைய இலைகளையே சிக்கனமாகப் பயன்படுத்தி வந்தாள். தன் அச்சம் பொய்யாக இருக்கட்டும் என்று நாள்தோறும் வேண்டிக்கொண்டாள்.

அந்தப் பழைய இலைகளும் தீர்ந்தன. அப்போதுதான் வேந்தரின் தங்கை, சிறுமி மானவதி காய்ச்சலில் விழுந்தாள்.

"நங்கையக்கா, இன்னும் கொஞ்சம் ஊற்று!" என்று கிண்ணத்தை நீட்டினாள் அவள்.

"கல்வேம்புக் கஷாயத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடிக்கிற அதிசயத்தை இன்றுதான் காண்கிறேன்!" என்றாள் சேடி பூவை. "போன தடவை தூணைச் சுற்றிச் சுற்றி ஓடியது யாராம்?"

"அது கசந்தது! இது கசக்கவே இல்லையடி. நீயும் ஒரு வாய் குடி. உன் நாக்கிலிருந்தும் இனிய சொல் வரட்டும்."

பூவை கலகலவென்று நகைத்தாள். நங்கை நகைக்கவில்லை. கிண்ணத்தை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். புல்லை வேகவைத்த தண்ணீர்! நந்தவனத்துக்கு ஓடி ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையைக் கிள்ளி மென்றாள். வெயிலோடும் தாகத்தோடும் போராடிய காலத்தில் அந்தச் செடி கசப்பைச் சேர்த்து வைத்திருந்தது. இங்கே அதற்குப் பகையே இல்லை. ஆகவே கசப்பையும் மறந்துவிட்டது.

குன்றத்தின் மற்றச் சரிவுகளையெல்லாம் நகரத்துக்காக வெட்டித் தீர்த்திருந்தார்கள்; கல்வேம்பு நிற்க தென்சரிவு ஒன்றே இன்னும் எஞ்சியிருந்தது. அவ்வேளையில் முரசு அதிர்ந்தது. வேந்தர் போரில் வென்று திரும்பியிருந்தார். நங்கை முற்றத்துக்கு விரைந்து, தலை கவிழ்ந்து வணங்கினாள்.

"அரசே! குன்றத்தின் தென்சரிவில் இனி ஒருவரும் கைவைக்கலாகாது. இளவரசியாரின் உயிர் அங்கேதான் இருக்கிறது."

"நங்கை!"

அந்தக் குரலைக் கேட்டு அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மணிமுடியின் கீழே இருந்தது விடங்கனின் முகம்!

"சொன்னபடி வந்துவிட்டேன், பார்த்தாயா? அதோ, தென்சரிவில் என்னை வரவேற்க எத்தனை விளக்குகள்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். சரிவு முழுவதும் செந்நிறமாய் எரிந்துகொண்டிருந்தது.

"அவை விளக்குகள் அல்ல, அரசே. கோபுர வாசலுக்குக் கல் வேண்டிப் பாறையைப் பிளக்க மூட்டிய தீ."

நடந்ததைக் கேட்டதும் வேந்தரின் முகம் வெளிறிற்று. "முளைக்கும் என்று நீதானே சொன்னாய்?"

"முளைத்தது, தழைத்தும் விட்டது. ஆனால் வாடினால்தான் கசக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கள் குதிரை நிற்கவில்லை."

"கல்வேம்பு முளைக்கும் மேற்கு மலைக்கு இப்போதே குதிரைகளை அனுப்புகிறேன்!"

"அங்கே ஓயாத மழை. அங்கு விளைவதும் இந்த நந்தவனத்துச் செடிதான். இங்கே நீரை நிறுத்தினாலும் கசப்பு ஊற ஒரு கோடை வேண்டும்."

பிறை முழுநிலவாவதற்கு முன்பே மானவதியின் குரல் ஓய்ந்துவிட்டது. கடைசிவரை அவள் அந்தக் கஷாயத்தை ஆசையோடு கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கோபுர வாசல் எழுந்து முடிந்த நாளில், வேந்தர் நந்தவனத்தில் நங்கையைத் தேடி வந்தார்.

"என்னை வெறுக்கிறாயா, நங்கை? இந்நகரத்துக்கு அரசியாக என்னோடு இருந்துவிடு. அன்று குன்றத்தில் முளைத்த அன்பு இந்த அரண்மனையில் மறுபடி முளைக்காதா?"

இம்முறை கொம்பு எதுவும் ஊதவில்லை. அவள் சொல்லப்போவது முழுவதையும் கேட்டுவிட வேண்டும் என்று அவர் காத்து நின்றார்.

நங்கை கணையாழியைக் கழற்றி, தழைத்து நின்ற ஒரு செடியின் அடியில், ஈர மண்ணுக்குள் அழுத்தினாள். கரிபடிந்த கற்களால் எழுந்த அந்தக் கோபுர வாசலைக் கடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள்.