முன்பலகை யாருக்கு?

வாலுவுக்கு வயிறு எரிந்தது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் அல்ல. படகின் முன்பலகையில், அவளுடைய இடத்தில், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

வாலுவின் அப்பா படகோட்டி. காட்டுக்குள் இருக்கும் மரக்குடில் விடுதிக்குச் சாலை கிடையாது, ஆறுதான் சாலை. மோட்டார் ஓடும்போது படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பின்னால் இருக்கும் அப்பாவுக்கு எதிரே வரும் தண்ணீர் தெரியாது. கத்தினாலும் சத்தத்தில் கேட்காது. அதனால் முன்பலகையில் ஒருவர் உட்கார்ந்து, படகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கக் கையைத் தூக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் அது வாலுவின் வேலை.

காலையில் பறவை பார்க்க ஆற்றோடு கீழே போனபோதும் அவள்தான் முன்னால் இருந்தாள். விடுதியில் தங்க வந்திருந்த அந்த ‘மஞ்சள் தொப்பி’ பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

“அடியில கட்டை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிற?”

வாலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. “தண்ணி கட்டையில மோதி ரெண்டா பிரியும்ல, அப்போ மேல அம்பு மாதிரி கோடு விழும். கூர் நம்மளப் பாத்துச்சுன்னா கட்டை. விலகிடணும்.”

மஞ்சள் தொப்பி சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஒன்றுவிடாமல் கண்டுபிடித்தாள். “கெட்டிக்காரியா இருக்கியே பாப்பா. திரும்பும்போது நீயே முன்னால உக்காரு,” என்றார் அப்பா. வாலுவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது படகு ஆற்றை எதிர்த்து மேலே திரும்பிக்கொண்டிருக்க, வாலு நடுவில், தண்ணீர்க் கேன்களோடு கேனாக உட்கார்ந்திருந்தாள்.

“எம் பொண்ணு எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாரேன்,” என்றார் மஞ்சள் தொப்பியின் அம்மா.

“ம்.”

அப்போதுதான் தூரத்தில் அம்புக் கோடு தெரிந்தது. கூர் அந்தப் பக்கம் பார்த்தது. விரிந்த வாய் படகைப் பார்த்தது. தண்ணீர் வரும் திசையைத்தான் கூர் எப்போதும் காட்டும். கீழே இறங்கும்போது அது நம்மைப் பார்க்கும். மேலே ஏறும்போது நமக்கு முதுகைக் காட்டும். இதை வாலு சொல்லிக்கொடுக்கவில்லை.

மஞ்சள் தொப்பியின் கைகள் மடியிலேயே இருந்தன.

‘இடிக்கட்டும். லேசா ஒரு இடி. அப்புறம் அது யாரு இடம்னு அப்பாவுக்குத் தெரியும்.’

ஆனால் அந்தப் பெண் எதையும் பிடிக்காமல், ஆர்வத்தில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாக இடித்தாலே தண்ணீருக்குள்தான்.

வாலு கேன்களைத் தாண்டித் தவழ்ந்தாள். “இடக்கையைத் தூக்கு, சீக்கிரம்!” என்று காதில் கத்தி, தன் கையையும் உயர்த்தினாள். படகு சாய்ந்து திரும்பியது. கட்டையின் கறுத்த முதுகு பக்கத்திலேயே வழுக்கிப் போனது.

“கூர் நம்மளப் பாக்கலையே?”

“ஏறும்போது அது மாறிடும். நான்தான் சொல்லல.”

“மறந்துட்டியா?”

வாலு யோசித்தாள். “பாதி மறந்துட்டேன். பாதி பொறாமை.”

“காலையில எனக்கும் உன்மேல பொறாமைதான். அதான் வந்து ஒட்டிக்கிட்டேன்.”

விடுதித் துறையில் அப்பா மோட்டாரை நிறுத்தினார். “ஒரு புள்ளையத்தானே முன்னால உக்கார வச்சேன். எப்படி ரெண்டு இடக்கை தெரிஞ்சுது?”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“நாளைக்கு இறங்கும்போது நீ உக்காரு,” என்றாள் வாலு. “ஏறும்போது நான்.”

“ஏன்?”

“ஏறுறதுதான் கஷ்டம்.” வாலு முன்பலகையை ஒரு தட்டு தட்டினாள். “அதையும் விட்டுக்கொடுக்க முடியாது.”