நடுவில் மூன்று விளக்குக் கம்பங்கள்

அவளை எல்லோரும் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறியவள்; கோபம் வந்தால் படபடவென்று வெடிப்பாள்.

அன்று பள்ளி விட்டு வந்தவள், குடியிருப்பின் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று வெடித்தாள்.

பலகையில் ஒரு புகைப்படம். நகரப் பேருந்து ஒன்று. அதன் மூக்குக்கு நேர் முன்னால் சைக்கிளில் ஒரு பையன். இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் இடித்துவிடும் போலிருந்தது. 'இவரை நம்பியா நம் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறோம்?' என்று கீழே எழுதியிருந்தது.

அந்தப் பேருந்தின் ஓட்டுநர் கடுகின் அம்மா.

வீட்டில் அம்மா சீருடையை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். "படம் பணிமனைக்கும் போயிருக்குடி. நாளைக்கு விசாரணை. அதுவரைக்கும் வண்டியைத் தொடக் கூடாதாம்."

"நீ அவனை இடிக்கப் போனியா?"

"அவன் எங்கேயோ தூரத்துல போயிட்டிருந்தான். சொன்னா யாரு கேக்குறா? அதான் படம் இருக்கேங்கிறாங்க."

கடுகு தடதடவென்று பலகைக்கு ஓடினாள். படத்தில் மூக்கு படும்படி பார்த்தாள். பேருந்துக்கும் சைக்கிளுக்கும் நடுவே சாலையோரத்தில் மூன்று விளக்குக் கம்பங்கள், பெட்டியில் அடுக்கிய தீக்குச்சிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

ஒரு கம்பத்திலிருந்து அடுத்ததற்கு முப்பது எட்டு. தினமும் தம்பியோடு எண்ணிக்கொண்டே நடக்கிறவள் அவள். அப்படியென்றால் நடுவில் அறுபது எட்டாவது இருக்க வேண்டும்!

படத்தைக் கிழியாமல் எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினாள். அங்கேதான் படமெடுத்த மாமா இருந்தார். மொட்டை மாடியில் நின்று பறவைகளைப் படமெடுப்பார். அவருடைய லென்ஸ் ஒரு முழங்கை நீளம்.

"பொய்ப் படம் ஏன் மாமா ஒட்டினீங்க?"

"வாய் ரொம்ப நீளுதே! கேமரா எங்கேயாவது பொய் சொல்லுமா?"

"அப்போ எங்களையும் எடுங்க."

அதே சாலையின் கடைசியில், முதல் கம்பத்தருகே கடுகு நின்றாள். மூன்றாவது கம்பத்தருகே தம்பி. மாமா மாடியிலிருந்து எடுத்தார். பிறகு கடுகு கையை ஆட்டி அவரைக் கீழே வரச் சொன்னாள்.

மூச்சிரைக்க வந்தவர், அவளுக்கு நான்கு எட்டு முன்னால் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார்.

முதல் படத்தில் தம்பி அவள் தோளில் தாடையை வைத்திருப்பது போல நின்றான். இரண்டாவதில் கடுகு பெரிதாக இருந்தாள், தம்பி எறும்பு.

"ரெண்டு பேரும் நகரவே இல்லையே?" என்றார் மாமா.

"நாங்க நகரல. நீங்கதான் நகர்ந்தீங்க. அவ்வளவு தூரத்துல நின்னா, நாங்க ரெண்டு பேரும் உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரம்தானே? அதை அப்படியே லென்ஸ் பெரிசாக்கிடுது."

மாமா தலையைச் சொறிந்தார். "குருவியை எடுக்கும்போதும் பின்னால இருக்குற மரம் ஒட்டிக்கிட்டுதான் வரும். நான் யோசிக்கவே இல்லை."

"குருவிக்கு விசாரணை கிடையாது மாமா!"

அவர் முகம் சுருங்கியது. "மன்னிச்சுக்கம்மா."

"என்கிட்ட எதுக்கு? பணிமனையில வந்து சொல்லுங்க. இந்த ரெண்டு படத்தையும் பலகையில ஒட்டுங்க."

இரண்டையும் செய்தார். விசாரணை பத்தே நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் காலை நிறுத்தத்தில் மாமா கூட்டத்தின் பின்னால் ஒளிந்து நின்றார். பேருந்து வந்தது. அதன் கதவு சரியாக அவருக்கு எதிரே திறந்தது.

சீருடையில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "தூரம் போதுமா சார், இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தணுமா?"

பணிமனையிலிருந்தே அம்மாவோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கடுகின் கோபம் வெடித்துச் சிரிப்பாகச் சிதறியது.