டாக்டோரா லிகாயாவுக்கு ஒரு கேள்விக்குறி

டேலி சிட்டியில் மூடுபனி விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். கேட்காமல் வரும், காலை நீட்டி உட்காரும், மத்தியானம் வரை கிளம்பாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அது கடலிலிருந்து ஏறி வந்து, தெருவில் இருந்த ரோஜா நிற வீட்டையும் பச்சை நிற வீட்டையும் ஒவ்வொன்றாகக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. குப்பைத்தொட்டிகள் கரடிக்குட்டிகளைப் போல வரிசையாக நின்றன. எதிர்வீட்டுப் பூனை பாதி தெரிந்தது. மீதிப் பாதி இன்னும் வந்து சேரவில்லை.

நிங்னிங்கும் அவளுடைய அக்கா லிகாயாவும் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நிங்னிங்குக்கு வயது பத்து. நிஜப்பெயர் கிறிஸ்டீனா மரியா. ஆனால் பிலிப்பினோ குடும்பங்களில் நிஜப்பெயரைப் பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும்தான் வைத்திருப்பார்கள். அவளுடைய அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகிறது. அவர் பெயர் பேபி.

"அக்கா, பதில் சொல்ல நாளைக்குத்தானே கடைசி நாள்?" என்று கேட்டாள் நிங்னிங்.

"ம்."

லிகாயாவுக்கு இரண்டு கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒன்று நாட்டின் மறுகோடியில், கிழக்குக் கரையில், விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் இருந்தது. எட்டு வருடப் படிப்பு. உள்ளே நுழையும்போதே மருத்துவக் கல்லூரி இடமும் உறுதி. ஆனால் வருடத்துக்கு எழுபதாயிரம் டாலர். இன்னொன்று ரயிலில் மூன்று மணி நேரம். நான்கு வருடத்துக்கும் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் அதற்குப் பிறகு மருத்துவக் கல்லூரிக்குத் தனியாகப் பரீட்சை எழுத வேண்டும். இடம் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் யோசிக்கவே இல்லை. "ரைஸ் குக்கருக்கே அஞ்சு வருஷ உத்தரவாதம் கேட்டு வாங்குறோம். பொண்ணுக்குக் கேக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, கூடுதல் ராத்திரி வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லிகாயா நடப்பதை நிறுத்தினாள். பனி அவளுடைய முழங்கால்வரை வந்திருந்தது.

"நிங், நம்ம பனி விதி ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? பனிக்குள் சொன்னது பனிக்கு மட்டும்தான். வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. குழந்தை ஏசு சிலையின் சுண்டுவிரலை உடைத்து, சூயிங்கம் வைத்து ஒட்டியது தான்தான் என்று நிங்னிங் போன வருடம் இதே பனியில்தான் சொன்னாள். அந்த விரல் இன்னும் லேசாகப் புதினா வாசம் அடிக்கிறது.

"சொல்லு அக்கா."

லிகாயா அவளைப் பார்க்கவில்லை. கண்ணுக்கெதிரே இருந்த வெள்ளையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு அந்த இலவசப் படிப்புக்குத்தான் போகணும்."

"அப்ப நீ டாக்டர் ஆக வேணாமா?"

"ஆகணும். ரொம்ப ஆகணும். ஆனா அம்மா எட்டு வருஷம் ராத்திரி முழிச்சு என்னை ஆக்க வேணாம். முந்தாநாள் பல் விளக்கும்போது நின்னுக்கிட்டே தூங்கினாங்களே, பாத்தியா?"

"பாத்தேன். நுரையோட தூங்கினாங்க."

"அது மட்டும் இல்ல. அந்த இலவசக் கல்லூரியைப் பாக்கப் போனேன்ல, அங்க நூலகத்துல ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி. சும்மாதான் உக்காந்தேன். வெளியே மரத்துல வெயில் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு எழுந்திரிக்கவே மனசு வரல."

நிங்னிங்கும் அந்த நாற்காலியைப் பார்த்தாள். பனிக்குள் அது மிதந்து வந்தது. அக்கா அதில் உட்கார்ந்து, மெதுவாகத் தெருவைத் தாண்டி மேலே மேலே போனாள். மூன்று மணி நேர ரயில் என்றால் மாதம் ஒரு தடவையாவது வந்துவிடுவாள் என்று நிங்னிங்குக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பிடித்து உள்ளே தள்ளினாள். இது தன்னுடைய விஷயம் இல்லை. மேலும், அக்கா எங்கே போனாலும் ஜன்னல் பக்கத்துக் கட்டில் தனக்குத்தான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடேன்."

"எப்படிச் சொல்றது? மொத்த ஆஸ்பத்திரிக்கும் சொல்லிட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் விருந்து வேற."

வீடு நெருங்கியது. முதலில் கூரை வந்தது, பிறகு ஜன்னல் வந்தது. அதற்குப் பிறகு, கார் நிறுத்துமிடக் கதவின் குறுக்கே, லிகாயாவின் முகம் வந்தது. ஒரு மேஜை அளவுக்குப் பெரிய முகம்.

அவர்களுடைய சனங்களில் ஒருவர் பரீட்சையில் தேறினால், ஃப்ளெக்ஸ் பேனர் கட்டாமல் சொந்தக்காரர்களுக்குச் சோறு இறங்காது. அத்தை கட்டிவிட்டார்.

எட்டாம் வகுப்பில் எடுத்த படம். பல்லில் கம்பி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப். பக்கத்தில், கிட்டத்தட்ட அதே அளவில், பேபி அத்தையின் சிரித்த முகம். கீழே 'அன்புடன் பேபி அத்தை' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில்: டாக்டோரா லிகாயா!

பெண் டாக்டரை அவர்கள் டாக்டோரா என்பார்கள்.

"எப்படி இருக்கு?" என்று படியில் நின்றபடி கேட்டார் அத்தை.

"கோட்டு யாரோடது?" என்று கேட்டாள் நிங்னிங்.

"கடைக்காரர் கம்ப்யூட்டர்லயே மாட்டி விட்டுட்டார். ஸ்டெதஸ்கோப்புக்குக் காசே வாங்கல."

லிகாயா, "ரொம்ப நல்லா இருக்கு அத்தை," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அவள் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பனி உள்ளேயும் வந்துவிட்டதுபோல் இருந்தது.

நிங்னிங் வாசலிலேயே நின்றாள். என்ன செய்யலாம்? பேனரை ஒளித்துவைக்கலாம். அத்தை இன்னொன்று அடித்துவிடுவார். வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளலாம். அந்த வயிற்றுவலியை மார்ச் மாதக் கணக்குப் பரீட்சைக்கே செலவழித்தாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லிவிடலாம். ஆனால் பனிக்குக் கொடுத்த வாக்கு?

அவள் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிகாயாவின் பெயருக்குப் பிறகு அந்த ஆச்சரியக்குறி. விறைப்பாக, நெஞ்சை நிமிர்த்தி, காவல்காரன் மாதிரி நின்றது. அதைப் பார்த்தால் யாருக்கும் எதையும் கேட்கத் தோன்றாது.

நிங்னிங் அப்பாவின் கருவிப்பெட்டியைத் திறந்தாள். கறுப்பு டேப் இருந்தது. அத்தை சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்து, முக்காலியைப் போட்டு ஏறினாள். கொஞ்சம் டேப்பைக் கிழித்து, குறியின் தலையில் வளைத்து ஒட்டினாள். இன்னும் கொஞ்சம் ஒட்டினாள். முதலில் அது குடைப்பிடி மாதிரி வந்தது. இரண்டாவது தடவை தூண்டில் முள் மாதிரி வந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

நிமிர்ந்து நின்ற குறி, தலையைக் குனிந்து எதையோ யோசிக்க ஆரம்பித்ததுபோல் இருந்தது.

டாக்டோரா லிகாயா?

மத்தியானம் பனி விலகியது. விருந்தாளிகள் வந்து வாசலிலேயே நின்று, பேனரைப் படித்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேபி அத்தை வெளியே வந்தார்.

"இதை யாரு பண்ணினது?"

"நான்தான் அத்தை," என்றாள் நிங்னிங். காது இரண்டும் சுட்டது.

"ஏண்டி, நம்ம பொண்ணையே கேலி பண்றியா? அக்கா டாக்டர் ஆகறதுல உனக்குச் சந்தேகமா?"

"இல்ல அத்தை. அது இலக்கணம்."

"என்ன இலக்கணம்?"

"பதில் தெரியாம ஒரு வாக்கியம் எழுதினா, கடைசியில கேள்விக்குறி போடணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

சத்தம் கேட்டு அம்மா நூடுல்ஸ் கிண்டிய கரண்டியோடு கீழே வந்தார். பின்னால் அப்பா வந்தார். அம்மா பேனரைப் படித்தார். பிறகு நிங்னிங்கைப் பார்த்தார்.

"பதில் தெரியலையா? யாருக்குத் தெரியல?"

நிங்னிங் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அம்மாவின் பார்வை மெதுவாக அவளைத் தாண்டி, கதவோரம் வந்து நின்ற லிகாயாவிடம் போனது.

"லிகாயா, உனக்கு எங்கம்மா போகணும்?"

இத்தனை வாரத்தில் அந்தக் கேள்வி அந்த வீட்டில் முதல் தடவையாகக் கேட்டது. லிகாயா பதில் சொன்னாள். காலையில் பனிக்குச் சொன்னதை எல்லாம் வெயிலில் நின்று சொன்னாள். நாற்காலியைப் பற்றியும் சொன்னாள்.

அம்மா கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "முன்னாடியே ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா."

அப்பா தொண்டையைச் செருமினார். அவர் பஸ் ஓட்டுபவர். "நான் கேக்கணும்னு நெனச்சேன். தினமும் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"நீங்க சும்மா இருங்க," என்றார் அம்மா. பிறகு லிகாயாவிடம் கேட்டார். "நாலு வருஷம் கழிச்சு இடம் கிடைக்கலேன்னா?"

"மறுபடி எழுதுவேன்."

"அப்பவும் கிடைக்கலேன்னா?"

"அப்பவும் எழுதுவேம்மா. என்னால உத்தரவாதம் தர முடியாது. நான் ரைஸ் குக்கர் இல்லையே."

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு," என்றார் மெதுவாக.

"எனக்கும்தான்," என்றாள் லிகாயா. அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நூடுல்ஸ் கரண்டி அவளுடைய புதுச் சட்டையில் பட்டது. அவள் நகரவில்லை.

அம்மா கரண்டியைத் தள்ளிப் பிடித்தார். "சரி. அந்த நாற்காலியில வேற யாரும் போய் உக்கார்றதுக்கு முன்னாடி, பதில் எழுதிப் போடு."

"அப்ப என் பேனர்?" என்றார் பேபி அத்தை.

"இருக்கட்டும் அத்தை. இப்பதான் அது உண்மையைச் சொல்லுது," என்றாள் லிகாயா.

அத்தை பேனரை மேலும் கீழும் பார்த்தார். "போனாப் போகுது. என் படம் நல்லா வந்திருக்கு, அதனால விடறேன்."

லிகாயா கணினியில் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு, நிங்னிங்கின் காதருகே குனிந்தாள். "பனி விதியை மீறிட்டியா?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லல," என்றாள் நிங்னிங். "ஒட்டத்தான் செஞ்சேன்."

மாடியில் அத்தை மைக்கைப் பிடித்து, பாட ஆரம்பித்துவிட்டார். அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

"ரோசாரியோவா? அந்த ராத்திரி வேலைப் பட்டியல்ல என் பேரை அடிச்சுடு. இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆமா, டாக்டராகத்தான் படிக்கப் போறா. நிச்சயமான்னா கேக்கறே? பாப்போம். பொண்ணு பாத்துக்கும்."

போனை வைத்துவிட்டு, தட்டு நிறைய நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு, லிகாயாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நிங்னிங், நூடுல்ஸ்ல பிழிய எலுமிச்சம்பழம் கொண்டா," என்றார். "ரெண்டா கொண்டா. இன்னிக்கு நான் நிதானமா சாப்பிடப் போறேன்."