கல்லில் விழுந்த எழுத்து

முதல் நாள் அந்தக் கல் வெறுமையாகத்தான் இருந்ததா என்று இப்போது கேட்டால் அவளால் அடித்துச் சொல்ல முடியாது. பதிவேட்டில் அவளுடைய கையெழுத்தில் 'பெயர் இல்லை' என்றுதான் இருக்கிறது. ஆனால் கை எழுதியதையெல்லாம் கண் பார்த்திருக்க வேண்டுமென்று என்ன இருக்கிறது?

அவள் கலை வரலாற்றாசிரியை. இறந்தவர்களுக்காக வீட்டுப் பெண்கள் தைத்து வைத்த துக்கத் துணிகளைப் பற்றிப் பத்தொன்பது வருடமாக எழுதிக்கொண்டிருப்பவள். அருங்காட்சியகத்தின் பின்னறையில், பாச்சை உருண்டை வாசனைக்கும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் ஓயாத முனகலுக்கும் நடுவே, அந்தப் பட்டுத்துணி மேசைமேல் விரிந்து கிடந்தது. அதில் தைத்திருந்த காட்சி: தலைகவிழ்ந்த ஒரு மரம், அதன் கீழே ஒரு கல்லறை, முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பெண். இரண்டாம் நாள் காலை அவள் ஜன்னல் திரையை விலக்கியபோது கல்லறையின் கல்லில் ஓர் எழுத்து இருந்தது.

"நேத்தே இருந்திருக்கும் மேடம்," என்றார் படமெடுக்க வந்திருந்த புகைப்படக்காரர். "நாள் பூரா அழுமூஞ்சிங்களையே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு வேற என்ன பண்ணும்?"

அவளும் சிரித்தாள். பிறகு உருப்பெருக்கி வழியே குனிந்து பார்த்தாள். நூல் இல்லை, முடி. அதில் வியப்பில்லை, இவ்வகைத் துணிகளில் இறந்தவரின் பெயரை அவருடைய முடியால்தான் தைப்பார்கள். ஆனால் இது குட்டையாக, பூனைமுடிபோல மென்மையாக, சுருண்டிருந்தது.

வீட்டில் தங்கை கண்ணாடிமுன் அளவுகோலோடு நின்றிருந்தாள். சிகிச்சையில் மொத்தமாகக் கொட்டிய முடி நான்கு மாதமாகத் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது. முன்பு கோரைமுடி, இப்போது சுருட்டை.

"அக்கா, ரெண்டு விரக்கடை வந்துடுச்சு! பார்த்துக்கிட்டே இரு, உன் எலிவாலை நான் முந்திடுவேன்."

"முதல்ல சாப்பிடு. அப்புறம் முந்தலாம்."

தங்கையின் பெயரும் அந்த எழுத்தில்தான் முடியும். ஆயிரம் பெயர்கள் அந்த எழுத்தில் முடியும் என்று அவள் தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

அந்தத் துணிகளைத் தைத்த பெண்கள் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து தொடங்குவார்கள். நோயாளி உயிரோடு இருக்கும்போதே முதல் முடி ஊசியில் ஏறிவிடும். பெயரின் முதல் எழுத்தும் விழுந்துவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். இதை அவளே கட்டுரையாக எழுதி, மேடையில் வாசித்து, கைதட்டலும் வாங்கியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் கல்லில் இரண்டு எழுத்துகள் இருந்தன. தங்கையின் பெயர் மூன்றெழுத்து.

கதவைத் தாழிட்டாள். பழந்துணியில் ஒரு தையலைக்கூடப் பிரிக்கக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். மாணவர்களை அதற்காக வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள். துணியைக் கவிழ்த்தாள். பின்பக்கத்திலிருந்து இடுக்கியால் பிடித்தாள். முடி எளிதில் வரவில்லை; மறுமுனை எதிலோ ஊன்றியிருப்பதுபோல எதிர்த்தது. அவளும் விடவில்லை. ஒன்று. இன்னொன்று. கண்ணாடிக் குப்பியில் போட்டாள். இயந்திரத்தின் முனகல் நின்றிருந்தது. எப்போது நின்றது? இழுத்தாள். ஓர் எழுத்து போயிற்று. இன்னும் இழுத்தாள். மற்றதும் போயிற்று. துணியைப் புரட்டினாள். வெறும் கல்.

அப்போதுதான் குப்பியைப் பார்த்தாள். ஒவ்வொரு முடியின் அடியிலும் ஒரு வெள்ளை மணி.

வேர்.

ஈரமாக.

கைப்பேசி அடித்தது.

"அக்கா..." தங்கைக்கு மூச்சு வாங்கியது. "யாரோ தலையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்குக்கா. கையை வெச்சா கொத்துக் கொத்தா வருது. ரத்தம் வேற. நீ எங்க இருக்க?"

இருபத்திரண்டாம் நாள் தங்கை இறந்தாள். நோய் திரும்பிவிட்டது என்றார் மருத்துவர். புகைப்படக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். துணியைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள். குப்பி தங்கையின் கட்டிலருகே இருக்கிறது. வாரம் ஒருமுறை அவள் அதைத் திறந்து, வளர்ந்ததை வெட்டிவிடுவாள்.

போன வாரம் வெட்ட மனம் வரவில்லை. இன்று காலை அது மூடியைத் தள்ளிக்கொண்டு தலையணைமேல் ஏறியிருந்தது. ஒரு தலை கிடக்க வேண்டிய இடத்தைச் சுற்றிச் சுருள் சுருளாகப் படர்ந்திருந்தது. அந்த இடம் அமுங்கியிருந்தது.