தவளை கத்தாத ஏரி

மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் ஏரியில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. விக்கிரமங்கலத்துத் தவளைகள் வாயைத் திறந்தால் அரியலூர் ஸ்டேஷனில் நிற்பவனுக்கு ரயில் ஊதுவது கேட்காது. அப்பேர்ப்பட்ட ஊரில், ஈரக் களிமண் வாசனையும் அதற்கடியில் மீன்தொட்டிக் கவிச்சியும் கலந்து வீசிய அந்தச் சாயங்காலத்தில், கருவேலங்கிளையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர வேறு சத்தமே இல்லை. அந்தக் கவிச்சியைத் தமிழ்மாறனுக்குத் தெரியும். மூன்று வருஷம் அவன் வீட்டுக் கூடத்தில் இருந்த நாற்றம்.

மகள் வேணிக்காகத் திருச்சியில் வாங்கிய ஜோடி ஆமைகள். வாங்கியபோது சட்டைப் பொத்தான். மூன்றாம் வருஷம் தோசைக்கல். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. எவர்சில்வர் கிண்ணத்தில் கரண்டியால் மூன்று முறை தட்டினால் தலையை நீட்டிக்கொண்டு வரும். வீட்டில் ஆமை ஆகாதென்று அக்கம்பக்கத்தார் சொல்லிச் சொல்லி, பெரம்பலூரிலிருந்து பஸ் மாறி, சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்து, ஓட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி இந்த ஏரியில் விட்டான். பெருமாள் எடுத்த அவதாரம், புண்ணியம் என்று தெம்பாகத் திரும்பினான். வழியில் அக்காள் வீட்டில் டீயும் குடித்தான். சொல்லவில்லை. ஐந்து வருஷமாயிற்று.

"வாத்து பன்னெண்டு போச்சு மாப்ள," என்றார் அக்காள் கணவர் ராசாங்கம், வலையை உதறியபடி. "மிச்சத்துக்குக் காலு இல்ல. கெளுத்தி இல்ல, நம்மூரு ஆமைகூட ஒண்ணு இல்ல. எவனோ என்னத்தையோ கொண்டாந்து வுட்டுட்டான்."

"யாரு மாமா?"

"தெரிஞ்சா இந்தத் தண்ணியிலயே முக்கிட மாட்டேன்?" சிரித்துக்கொண்டே ஏரியில் இறங்கினார். "நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

ஏரிச் சேதி காதில் விழுந்ததுமே எடுத்துவந்த அந்தக் கிண்ணம் தமிழ்மாறனின் பையில் இருந்தது. மாமா போனதும் தட்டி, இரண்டையும் பிடித்து, யாருக்கும் தெரியாமல் கொண்டுபோவதாகத் திட்டம். சொல்லிவிடலாம். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

முழங்கால். இடுப்பு.

ராசாங்கத்தைச் சுற்றித் தண்ணீரில் கூழாங்கற்கள்போல ஏதோ எழுந்தன. கற்களுக்குக் கண் இருந்தது.

"மாமா, ஏறி வாங்க."

"இரு மாப்ள. காலுல என்னமோ உரசுது."

கிண்ணத்தை எடுத்தான். ணங். ணங். ணங்.

தலைகள் திரும்பின. இரண்டில்லை. இருநூறில்லை. ஏரியே திரும்பியது.

கரையேறின. ஓடு மேல் ஓடு. முன்னால் வந்த இரண்டின் முதுகிலும் குங்குமம் ஈரமாக இருந்தது.

கை நின்றது. அத்தனையும் நின்றன. மெல்ல, தண்ணீர்ப் பக்கம் திரும்பின.

ணங். ணங். ணங்.

மறுபடி அவன் பக்கம்.

தமிழ்மாறனுக்கும் ராசாங்கத்துக்கும் நடுவே ஒரு சாண் மண்ணோ தண்ணீரோ தெரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றபடி மாமா கேட்டார்.

"மாப்ள. அதுங்களுக்கு உன்னைத் தெரியுமா?"

அவன் மறுபடி தட்டினான். கால் கட்டைவிரலில் சில்லென்று ஓர் ஓடு உரசியது. ஆயிரம் வாய்கள் அண்ணாந்து திறந்தன. கிண்ணத்தில் ஒன்றுமில்லை.